பாடினால் வரும் சொல், பெயரைக் கேட்டால் ஏன் நின்றுவிடுகிறது?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. சிறு வயதிலிருந்தே அவருக்குத் திக்குகிறது. பாடினால் திக்குவதில்லை, அறையில் தனியாகப் பேசினாலும் இல்லை. யாராவது "உங்க பேர் என்ன?" என்றால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. "அப்படியென்றால் நாக்கில் கோளாறு இல்லை, எல்லாம் என் பயம்தானே?" என்பது அவருடைய முதல் கேள்வி. இப்போது நாலு வயது மகனுக்கும் ஆரம்பித்திருக்கிறது, "என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டானா?" என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று படுகிறது: இதில் என் தப்பு எவ்வளவு? பேச்சு சிகிச்சை படித்து, பல வருடங்களாகத் திக்குபவர்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும். நாக்கில் கோளாறு இல்லை என்பது சரி. அதனால் எல்லாம் பயம் என்ற முடிவு தவறு. நாக்குக்கும் பயத்துக்கும் நடுவில் மூளை என்று ஒன்று இருக்கிறது, விஷயம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

முதலில் பேச்சு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை இழுக்கும் நேரமும் விடும் நேரமும் ஓரளவு நெருக்கமாக இருக்கும். பேசத் தொடங்கியதும் அந்தக் கணக்கு மாறிவிடும். சட்டென்று இழுத்து, பல விநாடிகளுக்கு நீட்டி மெதுவாக விடுகிறோம். அந்தக் காற்று தொண்டையில் உள்ள இரண்டு குரல்நாண்களுக்கு இடையே போகிறது. அவை நெருங்கிவந்தால் அதிரும்: வயது வந்த ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை. விலகி நின்றால் வெறும் காற்று. அதற்கு மேலே நாக்கு, உதடு, தாடை, மூக்குப் பக்கம் காற்று போவதைத் திறந்து மூடும் பின்னண்ணம் எல்லாம் சேர்ந்து அந்த அதிர்வை எழுத்துகளாக வடிக்கின்றன. சாதாரண வேகத்தில் பேசும்போதே விநாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலிகள் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனியாக உத்தரவு போட்டு, அது முடிந்ததா என்று பார்த்து, அடுத்ததை அனுப்ப மூளைக்கு நேரம் கிடையாது. அதனால் அது ஒலிகளைத் தொகுப்பாகத் திட்டமிட்டு, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி அனுப்புகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 'கீரை' என்று சொல்ல வாயைத் தயார் செய்து, ஒலி வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். அப்புறம் 'கூரை' என்று சொல்லத் தயாராகி, அதேபோல் நிறுத்துங்கள். இரண்டுக்கும் முதல் ஒலி 'க்'தான். ஆனால் கீரைக்கு உதடு பக்கவாட்டில் விரிந்திருக்கும், கூரைக்கு ஏற்கனவே குவிந்திருக்கும். நாக்கு மேலண்ணத்தைத் தொடும் இடம்கூடக் கொஞ்சம் முன்பின்னாக மாறியிருக்கும். இன்னும் சொல்லாத உயிரொலி, சொல்லப்போகும் மெய்யொலிக்குள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பேச்சு என்பது பெரும்பாலும் ஒரு ஒலியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிற வேலைதான். தனித்தனியாக நிற்கும் ஒலி என்று வாய்க்குள் அனேகமாக எதுவும் இல்லை.

திக்கலைப் புரிந்துகொள்ள இந்த நகர்வு முக்கியம். திக்கல் மூன்று விதமாக வெளியே தெரியும்: "கு-கு-குமார்" என்று திரும்பத் திரும்ப வருவது, "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே ஒலி இழுபடுவது, வாய் தயாராக இருந்தும் ஒன்றுமே வராமல் அடைத்து நிற்பது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் "எனக்குக் க வராது", "எனக்குப் ப வராது" என்றுதான் தொடங்குவார்கள். கவனித்துப் பார்த்தால் 'க்' வந்துவிட்டது, அதுவும் நாலு தடவை. அதிலிருந்து அடுத்த உயிரொலிக்கு, குரலைச் சேர்த்துக்கொண்டு நகர முடியவில்லை என்பதுதான் சிக்கல். வராத எழுத்தை வரவைக்கப் போராடும்போது நாக்கு மேலண்ணத்தில் இன்னும் இறுகுகிறது, குரல்நாண்கள் இன்னும் இறுக மூடுகின்றன. உள்பக்கம் இழுத்தால் திறக்கும் கதவை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி. கண்ணை இறுக மூடுவது, தலையை அசைப்பது, தொடையைத் தட்டுவது எல்லாம் இந்தப் போராட்டத்தில் பிறந்தவை. எப்போதோ ஒருமுறை அப்படிச் செய்தபோது தற்செயலாகச் சொல் வந்திருக்கும், பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நகர்வு ஏன் சிக்குகிறது? இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். மூளை ஸ்கேன் ஆய்வுகள் பலவற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. திக்குபவர்களில் இடது பக்க மூளையில், பேச்சைத் திட்டமிடும் பகுதிகளையும் வாயை அசைக்கும் பகுதிகளையும் ஒலியைக் கேட்கும் பகுதிகளையும் இணைக்கும் நரம்புப் பாதைகள் சராசரியாகக் கொஞ்சம் வேறுபட்டிருக்கின்றன. பேசும்போது வலது பக்கம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேலை செய்கிறது. இவ்வளவும் நிலைபெற்ற விஷயம். ஆனால் இவை குழுக்களின் சராசரி. உங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்து "இதோ திக்கல்" என்று யாரும் காட்ட முடியாது. காட்டுவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். வலது பக்கத்தின் கூடுதல் வேலை காரணமா, அல்லது குறையைச் சமாளிக்கும் முயற்சியா என்ற வாதம் முழுதாக முடியவில்லை. அசைவுகளை உரிய நேரத்தில் தொடங்கிவைப்பதில் பங்குள்ள அடிக்கரு முடிச்சுகள் என்ற ஆழமான பகுதிதான் மையம் என்கிற கருத்து எனக்கு நம்பத்தக்கதாக இருக்கிறது. அந்தப் பகுதி வேலை செய்யத் தேவையான டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் சில மருந்துகள் சிலருக்குத் திக்கலைக் குறைத்திருப்பது அதற்கு ஒரு சாட்சி. ஆனாலும் அது கருதுகோள்தான்.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருகிறேன். பாடும்போது திக்காதது உங்களுக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. கடுமையாகத் திக்குபவர்கள்கூடப் பாடும்போதும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும், தாளத்துக்குத் தக்கபடி அசை அசையாகப் பேசும்போதும் பெரும்பாலும் சரளமாகிவிடுகிறார்கள். பாட்டில் எந்த அசை எப்போது தொடங்க வேண்டும் என்பதைத் தாளம் சொல்லிவிடுகிறது. உயிரொலிகள் நீளுகின்றன, குரல் அடிக்கடி நின்று தொடங்க வேண்டியதில்லை. சொற்களும் முன்பே தெரிந்தவை. தொடக்க நேரத்தை மூளை தன்னுள்ளிருந்தே உருவாக்க வேண்டிய வேலை குறைந்துவிடுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களில் வலுவானது. பார்க்கின்சன் நோயில் நடக்க முடியாமல் உறைந்து நிற்பவர்கள் சிலர், தரையில் கோடுகள் போட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார்கள். கோட்டைப் பார்த்து நடந்தார் என்பதற்காக, அவருடைய நோய் மனப்பிரமை என்று நாம் சொல்வதில்லை. ஒரு சூழலில் முடிகிறது, இன்னொன்றில் முடியவில்லை என்பது நரம்புச் சிக்கல்களிலும் நடக்கும். உங்கள் முதல் கேள்வியில் இருந்த "அப்படியென்றால்" இங்கேதான் உடைகிறது.

தனியாகப் பேசும்போது திக்காததும் இப்படித்தான். கேட்பவர் யாரும் இல்லை என்று உண்மையாகவே நம்பும்போது பெரியவர்கள் அனேகமாகத் திக்குவதே இல்லை என்று ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். இங்கே சமூக அழுத்தத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பதே நேர நெருக்கடி, அந்த நெருக்கடி ஏற்கனவே தள்ளாடும் அமைப்பைக் குலைத்துவிடுகிறது. திக்காதவர்களுக்கும் மேடையில் கை நடுங்கும், வாய் உலரும். ஆனால் அவர்கள் பெயர் தொண்டையில் அடைத்து நிற்பதில்லை. பயத்துக்குக் குலைக்க ஏதோ ஒன்று ஏற்கனவே இருக்க வேண்டும்.

அதிலும் பெயர் ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது? திக்குபவர்கள் பலரும் சொல்லும் குறை இது. மற்ற எந்தச் சொல்லுக்கும் மாற்று உண்டு. 'புத்தகம்' வரவில்லையென்றால் 'நூல்' என்று தப்பிக்கலாம், பெயருக்கு மாற்று கிடையாது. கேட்டவுடன் சொல்ல வேண்டிய சொல் அது, ஒரு கணம் தாமதித்தால் "பேர் மறந்துபோச்சா?" என்ற சிரிப்பு வரும். அதற்கு முன்னால் ஓடிவந்து தாண்ட நாலு சொல் இருக்காது, மௌனத்திலிருந்து நேராகத் தொடங்க வேண்டும். திக்கல் பெரும்பாலும் தொடக்கச் சொற்களிலும், தகவல் கனமான சொற்களிலும், நீளமான சொற்களிலும்தான் கூடுதலாக வருகிறது என்பது 1930களிலிருந்தே தெரிந்த விஷயம். பெயரில் இவற்றில் பலவும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. இதற்கு மேல் பள்ளியில் வருகைப் பதிவேட்டுக் காலத்திலிருந்து சேர்ந்த நினைவுகள் வேறு. "இப்போது மாட்டப்போகிறேன்" என்று சொல்லுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? அந்த முன்னுணர்வு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆக, பயம் விதை இல்லை. பிற்பாடு வந்து சேர்வது. ஆனால் வந்து சேர்ந்ததும் அது செய்யும் சேதம் திக்கலைவிடப் பெரியதாகிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் வராது என்று அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்து, தினமும் திரும்பி நடந்துவந்தவர் ஒருவர் உண்டு. சக ஊழியர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் திக்கலை மறைத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் நாலு சொல் தள்ளி என்ன வருகிறது என்று பார்த்து, ஆபத்தானதை மாற்றி, சுற்றிவளைத்துப் பேசிப் பேசி, மாலையில் ஓய்ந்துபோய் வீட்டுக்கு வருவார்கள். வெளியே கேட்கிற திக்கலை மட்டும் அளந்தால் இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று எழுத வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், சிகிச்சை அதிகம் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான்.

குற்றத்தை யார் தலையிலாவது போடும் பழக்கம் இந்தத் துறையிலேயே நெடுங்காலம் இருந்தது. 1841-ல் பெர்லினில் யோஹான் டீஃபன்பாக் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர் நாக்கில் ஆப்பு வடிவில் சதையை வெட்டி எடுத்துத் திக்கலைத் தீர்க்கப் பார்த்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. பிறகு நாக்கை விட்டுப் பெற்றோர் மேல் பழி திரும்பியது. அமெரிக்காவில் வெண்டல் ஜான்சன் என்ற பேச்சு ஆய்வாளர், தானும் திக்குபவர், குழந்தைகளின் சாதாரணத் தடுமாற்றத்தைப் பெற்றோர் 'திக்கல்' என்று பெயரிட்டுக் கவலைப்படுவதால்தான் அது திக்கலாகிறது என்று வாதிட்டார். 1939-ல் அவருடைய மேற்பார்வையில் அயோவா மாகாணத்தில் ஓர் அனாதை இல்லத்தின் 22 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் "நீ திக்குகிறாய்" என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். 2001-ல் இது பத்திரிகையில் வெளிவந்து, ஜான்சன் வேலை பார்த்த அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது, 2007-ல் மாகாண அரசு 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அந்தப் பதிவுகளைப் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்தவர்கள், அந்தக் குழந்தைகள் திக்குபவர்களாக மாறியதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். ஆனால் அவர்கள் பேசவே கூசினார்கள், சுருங்கிப்போனார்கள். அவமானம் திக்கலை உண்டாக்கவில்லை, வாயை மூடவைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் "குழந்தை முன்னால் திக்கலைப் பற்றிப் பேசாதே" என்ற அறிவுரை ஜான்சனின் மிச்சமாக இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் மகன் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டானா? இல்லை. திக்கல் குடும்பங்களில் தொடர்கிறது, ஆனால் பாவனையால் அல்ல. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் திக்கினால் மற்றவரும் திக்கும் வாய்ப்பு, இரு கரு இரட்டையரைவிடத் தெளிவாக அதிகம். 2010-ல் டென்னிஸ் டிரேனாவின் குழு திக்கலோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களை அறிவித்தது. ஆனால் அவை விளக்குவது திக்குபவர்களில் ஒரு சிறு பங்கை மட்டுமே. 2025-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை அலசிய ஆய்வு 57 இடங்களைச் சுட்டிக்காட்டியது. ஒரே மரபணு, ஒரே காரணம் என்று இல்லை. சின்னச் சின்னச் சாய்வுகள் நிறைய. மரபணுவைக் கொடுத்தது தப்பு என்றால் கண்ணின் நிறத்தைக் கொடுத்ததும் தப்புதான். அவன் முன்னால் திக்காமல் பேச வேண்டுமே என்று நீங்கள் வாய் மூடி இருந்தால், அவன் கற்றுக்கொள்ளப்போவது அந்த மௌனத்தைத்தான்.

அவனைப் பொறுத்தவரை எண்கள் ஓரளவு ஆறுதலானவை. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 8 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரியவர்களில் 100-க்கு ஒருவர் அளவில்தான். அதாவது நாலில் மூன்று பங்கோ அதற்கு மேலோ தானாகவோ உதவியோடோ மீண்டுவிடுகிறார்கள். யார் மீள்வார் என்று ஒரு குழந்தையைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆண் குழந்தையாக இருப்பது, குடும்பத்தில் திக்கல் விடாமல் தொடர்ந்தவர் இருப்பது, ஒரு வருடத்தைத் தாண்டி நீடிப்பது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்குவது ஆகியவை தொடரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன, நாலு வயதில்தான் தொடங்கியது என்றால் கடைசியும். அதனால் "தானா சரியாயிடும், விடுங்க" என்று யார் சொன்னாலும் கேட்காமல், இப்போதே ஒரு பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள்.

இந்த வயதுக்கு இரண்டு வகை அணுகுமுறைகள் நன்கு சோதிக்கப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் முறையில், சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு பெற்றோரே தினமும் கொஞ்ச நேரம், சரளமாக வந்த பேச்சைக் கவனித்துப் பாராட்டுவார்கள். மற்றொன்றில் குழந்தையின் மேல் உள்ள பேச்சுச் சுமையைக் குறைப்பார்கள்: நாம் மெதுவாகப் பேசுவது, கேள்விகளைக் குறைப்பது, ஒருவர் பேசி முடித்து ஒரு கணம் விட்டு அடுத்தவர் பேசுவது. நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015-ல் வெளியான ஆய்வில், 18 மாதங்களில் இரண்டிலும் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு குழந்தைகள் திக்கலை விட்டிருந்தார்கள். சிகிச்சை இல்லாத குழு அதில் இல்லை, மீண்ட குழந்தைகளில் சிலர் சிகிச்சை இல்லாமலும் மீண்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடாதது எளிது. வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். "மெதுவாச் சொல்லு, மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தில் சொன்னாலும் 'நீ சொன்ன விதம் தப்பு' என்றுதான் குழந்தையின் காதில் விழும். அவனே "எனக்கு வார்த்தை வரமாட்டேங்குதுப்பா" என்றால், "ஆமா, சில சமயம் மாட்டிக்குது, எனக்கும் அப்படித்தான், நீ சொல்லு, நான் இருக்கேன்" என்று சாதாரணமாகச் சொல்லலாம்.

இனி உங்களுக்கு. பெரியவர்களுக்குத் திக்கலை முழுதாக அகற்றும் சிகிச்சை இல்லை. 30 நாளில் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவர்களை நான் ஒரே வரியில் கடந்துவிடுகிறேன். திக்கலுக்கென்றே அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்த மருந்தும் கிடையாது. குரலைத் தாமதித்துக் காதில் திருப்பிக் கொடுக்கும் கருவிகள் சிலருக்கு உதவுகின்றன, சிலருக்குப் பழகப் பழகப் பயன் குறைந்துவிடுகிறது. பயிற்சியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேசும் விதத்தையே மாற்றுவது: குரலை மென்மையாகத் தொடங்குவது, உதடும் நாக்கும் லேசாகத் தொடுவது, உயிரொலிகளைக் கொஞ்சம் நீட்டுவது. அறைக்குள் இது அற்புதமாக வேலை செய்யும். வெளியே போய்க் கடைப்பிடிப்பது கடினம், சில மாதங்களில் பலருக்குப் பழையபடி திரும்பிவிடும். மற்றொன்று, திக்கலைக் குறைந்த போராட்டத்தோடு திக்கக் கற்றுக்கொள்வது. மாட்டியதும் தள்ளாமல் அங்கேயே ஒரு கணம் இருந்து, எது இறுகியிருக்கிறது என்று உணர்ந்து, அதைத் தளர்த்தி, அடுத்த உயிரொலிக்கு மெல்ல வழுக்கிப் போவது. வேண்டுமென்றே லேசாகத் திக்கிப் பார்ப்பதும் இதில் உண்டு. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் மறைக்க வேண்டும் என்ற அவசரத்தை இதைப்போல் குறைப்பது வேறொன்றும் இல்லை. நான் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து தொடங்கி, தேவைக்கு முதலாவதைச் சேர்ப்பேன். வேறு சிகிச்சையாளர் மாற்றிச் செய்யலாம், அவர் தவறு என்று சொல்ல மாட்டேன். பயம் அன்றாட வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு இருந்தால் மனநல ஆலோசகரும் சேர்ந்து வேலை செய்வது நல்லது.

பெயரைச் சொல்வதற்கு மட்டும் ஒரு யோசனை: "எனக்குத் திக்கும், ஒரு நிமிஷம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது பலருக்கு இறுக்கம் குறைகிறது. எல்லோருக்கும் குறையும் என்று சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்வது. உங்கள் பேச்சையோ மகனின் பேச்சையோ நான் கேட்கவில்லை. வேகமாகப் பேசி அசைகளை விழுங்குவது வேறு சிக்கல், அதற்குச் சிகிச்சையும் வேறு. அதுவரை சரளமாகப் பேசிய பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு தடுமாறத் தொடங்கினால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். அங்கே என்னைப் போன்றவர்கள் பிறகு, மருத்துவமனை முதலில். மகனைக் கூட்டிப்போகும்போது, வீட்டில் அவன் விளையாடிக்கொண்டே பேசுவதை ஐந்து பத்து நிமிடம் போனில் பதிவு செய்து எடுத்துப் போங்கள், நல்ல நாளில் ஒன்று, மோசமான நாளில் ஒன்று. புதிய இடத்தில் குழந்தைகள் பல நேரம் ஒரு தடவைகூடத் திக்காமல் பேசிவிடுவார்கள். பதிவு இல்லையென்றால் அடுத்த சந்திப்புக்கு மறுபடி வரச் சொல்ல வேண்டியிருக்கும்.